பாஸ் கேட்காத வாசல்

2004ஆம் ஆண்டில் ஒஸ்லோவில் ஒரு யாழ்ப்பாணத்து ஆள் விமானச் சீட்டு எடுத்தால், எங்கே போகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்பானேன்? சமாதான காலம். யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ-ஒன்பது பாதை திறந்திருந்தது. பத்துப் பதினைந்து வருடமாக ஊர் மண்ணை மிதிக்காத சனமெல்லாம் சூட்கேசும் கையுமாகப் பறந்துகொண்டிருந்தது. ஆகவே, ஒஸ்லோவின் குரோருட் பகுதியில் இருக்கிற சத்தியபாமா ஈஸ்டர் விடுமுறையோடு சேர்த்து லீவு எடுத்திருக்கிறாள், சீட்டும் போட்டுவிட்டாள் என்ற கதை கோயிலில் அடிபட்ட மறுநாளே அவள் வீட்டுக்குப் பார்சல்கள் வரத் தொடங்கிவிட்டன.

ஊருக்குப் போகிற ஆளிடம் சாமான் கொடுத்துவிடுவது எங்கள் சனத்தின் சட்டப் புத்தகத்தில் முதலாவது சட்டம். “ஒரு சின்னச் சாமான்தான்” என்று சொல்லித்தான் எல்லோரும் கொண்டுவருவார்கள். சின்னச் சாமானின் எடையைச் சாமான் கொண்டுவந்தவர் ஒருநாளும் தூக்கிப் பார்ப்பதில்லை. சத்தியபாமா முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை முடிந்து வீடு திரும்பும்போது, கதவுக்கு உட்புறம் சொக்லேற் பெட்டிகளும், மீனெண்ணெய்க் குளிசைப் போத்தல்களும், மூக்குக்கண்ணாடியும், நெஸ்கபேயும் அடுக்கியிருக்கும். யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலுக்குப் போடவென்று யாரோ ஒருவர் கம்பளிச் சட்டை கூடக் கொண்டுவந்து வைத்திருந்தார்.

வாங்கி வைத்தவள் மகள் யதுர்ஷா. பதினெட்டு வயது. அம்மா எங்கே போகிறாள் என்ற உண்மை அப்போது தெரிந்த ஒரே தமிழ்ப்பிள்ளை அவள்தான்.

“ஏன் பிள்ளை வாங்கினனி? நான் ஊருக்குப் போகேல்லை எண்டு சொல்லியிருக்கலாம்தானே?”

“அன்ரிமாருக்கு நான் என்னெண்டு மம்மா ‘இல்லை’ சொல்லுறது? தமிழ் வகுப்பிலை அதைச் சொல்லித் தரேல்லை.”

அதுவும் சரிதான். தப்பு பிள்ளையில் இல்லை. எங்கே போகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்காத சனத்தில்தான் தப்பு. கேட்ட ஒரே ஆள் மேல்மாடி வனஜா. தமிழ்நாட்டுக்காரி, கணவன் கணினி வேலை. லிப்டில் பார்த்தபோது, “ஊருக்கா அக்கா, இல்ல வேற எங்கயாவது டூரா?” என்று சாதாரணமாகக் கேட்டாள். சத்தியபாமாவுக்கு அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது.

“ஜோர்தானுக்குப் போறன். அங்கை பாலைவனத்து ஓரத்திலை ரோமாக்காரர் கட்டின பழைய கோட்டை ஒண்டு இருக்கு. அதைப் பாக்க.”

“சூப்பர்க்கா. போட்டோ எடுத்துட்டு வாங்க,” என்றாள் வனஜா. அவ்வளவுதான். உலகம் இடிந்து விழவில்லை.

சத்தியபாமா எப்படிப்பட்டவள் என்று இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். வலிகாமம் வடக்கில், பலாலி இராணுவ முகாமுக்குக் கிட்ட, கிணற்றடியில் கறுத்தக்கொழும்பான் மாமரம் நின்ற வீட்டில் பிறந்தவள். தொண்ணூறாம் ஆண்டு முகாம் வீங்கி ஊரை விழுங்கியபோது உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டவள். அந்த வீடு இப்போது இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருக்கிறது. அடுத்த வருடம் அண்ணன் ஸ்ரீஸ்கந்தராசா அவளையும் கணவன் பாலேந்திரனையும் சின்னப் பிள்ளையாயிருந்த யதுர்ஷாவையும் நோர்வேக்கு எடுப்பித்தார். கணவன் தொண்ணூற்றெட்டில் மாரடைப்பில் போய்விட்டார். அவர் போனபின் அவள் அழுததை மகள் கண்டாள், வேறு யாரும் காணவில்லை.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிற சாதி அவள். சலவைப் பகுதியில் சேர்ந்த புதிதில் நோர்வேக்காரர் நீளப் பெயரைச் சொல்லச் சோம்பல்பட்டு ‘பாமா’ என்று கூப்பிட்டார்கள். கடைகளில் வாழைப்பழப் பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கிற பெயர் அது. “பழப்பெட்டியின் பெயர் எனக்கு வேண்டாம், முழுப்பெயரைச் சொல்லுங்கள், சொல்ல வராவிட்டால் கூப்பிடாதீர்கள்” என்று அரைகுறை நோர்ஸ்க் மொழியில் சொல்லிவிட்டு ஒரு மாதம் ‘பாமா’வுக்குத் திரும்பியே பார்க்கவில்லை. இப்போது அங்கே மேலாளர் தொடக்கம் கடைநிலை ஊழியர் வரை சத்தியபாமா என்றுதான் சொல்கிறார்கள்.

கோட்டை அவளுக்குள் வந்தது இரண்டு வருடத்துக்கு முன்பு. யதுர்ஷா பள்ளிக்கூடப் படிப்புக்காக நூலகத்தில் எடுத்துவந்த பெரிய படப் புத்தகம் ஒன்று மேசையில் கிடந்தது. உடுப்பு மினுக்கிக்கொண்டிருந்தவள் தற்செயலாகப் புரட்டினாள். ஆகாயத்திலிருந்து எடுத்த படம். மஞ்சள் மண்ணின் நடுவே ஒரு சதுரம். நான்கு மூலையிலும் கோபுரம். ஒரே ஒரு வாசல். சுற்றிவர ஒளிய ஒரு பற்றை இல்லாத வெளி.

“இது ஆமிக் காம்ப்தானே!” என்று வாய்விட்டுச் சொன்னாள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு அவளே நூலகத்துக்குப் போகத் தொடங்கினாள். பாலைவனத்தின் விளிம்பு நெடுக, சிரியாவிலிருந்து செங்கடல் வரைக்கும், அந்தப் பக்கம் ஆப்பிரிக்காவிலும், ரோமப் பேரரசு இப்படிக் கோட்டைகளை வரிசையாகக் கட்டியிருந்தது. கிணறு இருக்கிற இடமாகப் பார்த்துக் கட்டினார்கள். தண்ணீரைப் பிடித்தால் சனத்தைப் பிடிக்கலாம் என்பது அந்தக் காலத்து ஆமிக்கும் தெரிந்திருந்தது. அவளை உலுக்கிவிட்டது வேறொரு விடயம். எகிப்தின் பாலைவனப் பாதையில் போகிற வருகிற சனத்துக்கு அந்தச் சிப்பாய்கள் உடைந்த பானை ஓட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்: இன்னாரைப் போக விடு, இத்தனை கழுதையைப் போக விடு.

“அப்பவும் பாஸ்!” என்று சத்தியபாமா நூலகத்தில் வைத்தே சிரித்துவிட்டாள். பக்கத்து மேசைக் கிழவர் திரும்பிப் பார்த்தார். பாஸ் இல்லாமல் ஆசுபத்திரிக்குப் போக முடியாமல் ஆமியின் சென்றிக் காவலரணில் மறித்து வைத்திருந்த நாட்கள் அவளுக்கு மறக்குமா? ஆனால் புத்தகத்தில் அடுத்த பக்கமும் இருந்தது. அதில் அந்தக் கோட்டைகள் எல்லாம் வெறுமையாகக் கிடந்தன. ஒரு சிப்பாய் இல்லை. அந்தப் பக்கத்தைத்தான் நேரில் பார்க்க வேண்டும் என்று அவள் முடிவெடுத்தாள். ஆமி விட்டுவிட்டுப் போன காம்ப் ஒன்றைத் தன் கண்ணால் ஒருமுறை பார்க்க வேண்டும். ஆசை அவ்வளவுதான்.

பங்குனிக் கடைசிச் சனிக்கிழமை, கடைக்குப் போகிற தள்ளுவண்டியில் பார்சல்களை ஏற்றிக்கொண்டு சத்தியபாமா வெளிக்கிட்டாள். பனி உருகி வீதியெல்லாம் சேறு. தொலைபேசியில் சொல்லி முடித்திருக்கலாம்தான். ஆனால் வாங்கிய சாமானை வாசலில் கொண்டுபோய்க் கொடுத்துத்தான் பழக்கம். தவிரவும், இதை முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் என்று அவளுக்கு ஒரு வைராக்கியம்.

முதல் வீட்டில் தேத்தண்ணி தந்து, பிறகு திட்டினார்கள். இரண்டாவது வீட்டில் திட்டிவிட்டுப் பிறகு தேத்தண்ணி தந்தார்கள். “புருஷன் இல்லாத பொம்பிளை தனியப் பாலைவனத்துக்கோ? ஆம்பிளையளே போகாத இடம்!” என்று ஒரு வீட்டில் கேட்டார்கள். “ஆம்பிளையள் போகாட்டி நான் என்ன செய்யிறது? அவையையும் போகச் சொல்லுங்கோ,” என்றாள். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அவள் மூடப் போகவும் இல்லை. வாய்க்கு வாய் பதில் கொடுத்துக்கொண்டு தள்ளுவண்டியைத் தள்ளினாள். போகப் போக வண்டி இலேசாகியது, குரல் உரத்தது.

கம்பளிச் சட்டைக்குச் சொந்தக்காரி மேரியம்மா. விடயத்தைக் கேட்டதும் திட்டுவாள் என்று பார்த்தால், நெஞ்சில் சிலுவை போட்டாள்.

“ஜோர்தானோ? அப்ப யோர்தான் ஆறு அங்கைதானே பிள்ளை! யேசு ஞானஸ்நானம் பெற்ற ஆறு!” என்று உள்ளே ஓடி ஒரு வெற்றுப் போத்தலோடு வந்தாள். “ஒரு சின்னப் போத்தல்தான். தண்ணி அள்ளிக்கொண்டு வா.”

பார்சல் கொடுக்கப் போனவள் பார்சலோடு திரும்பினாள். சனத்தின் முதலாவது சட்டத்திலிருந்து ரோமாபுரியே வந்தாலும் தப்ப முடியாது.

கடைசிப் பார்சல் அண்ணனுடையது. குரோருட்டிலிருந்து ரீ-பான் ரயிலில் நகரப்பக்கம் இறங்கி, வேறு ரீ-பான் மாறி, ட்வெய்ட்டாவின் உயர்ந்த மாடிக் கட்டடத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். அண்ணனின் மனைவி, மச்சாள் சிறிதேவி கதவைத் திறந்தாள். ஸ்ரீஸ்கந்தராசா சோபாவில் இருந்தார். அவருக்குச் செய்தி அவளுக்கு முன்னமே வந்துவிட்டிருந்தது.

“இரு,” என்றார். இருந்தாள்.

“கழுதை கெட்டால் குட்டிச்சுவர் எண்டு சொல்லுவினம். நீ பிளேன் ஏறி, காசு குடுத்துக் குட்டிச்சுவர் பாக்கப் போறாய். அப்படியோ?”

“ஓம் அண்ணா.”

“எங்கடை வீடு கிடக்கு. கோயில் கிடக்கு. கோயில் பூசைக்கு இப்ப ஆமிக்காரர் பாஸ் குடுத்து உள்ளுக்கு விடுறாங்கள். பஸ்ஸிலை கொண்டு போய்க் காட்டி, பின்னேரம் கொண்டுவந்து விடுறாங்கள். நான் போன வருஷம் போனனான். நீயும் போய் ஒருக்காப் பாக்க வேண்டாமோ? அப்பா கட்டின வீடு.”

“என்ரை வீட்டைப் பாக்க அவனிட்டைப் பாஸ் வாங்க மாட்டன்.”

“பெரிய வீரம்! எல்லாரும் வாங்கித்தானே போகினம்?”

“போறவையை நான் குறை சொல்லேல்லை. என்னாலை ஏலாது. லைனிலை நிண்டு, கை ரெண்டையும் தூக்கித் தடவ விட்டு, பஸ் யன்னலாலை என்ரை வீட்டை எட்டிப் பாத்திட்டு, பின்னேரம் துவக்குக்காரன் சொல்லுற நேரத்துக்குத் திரும்பி வர என்னாலை ஏலாது அண்ணா. அவன் போன பிறகு போவன்.”

“அவன் போவானோ? விசர்க்கதை கதைக்காதை. காம்ப் கட்டினவன் போன சரித்திரம் எங்கை இருக்கு?”

“அதைத்தான் பாக்கப் போறன்,” என்றாள் சத்தியபாமா.

அண்ணனின் முகம் கறுத்தது. பதின்மூன்று வருடத்தில் தங்கை அவர் சொல்லைத் தட்டியதில்லை. அவளை இந்த நாட்டுக்கு எடுப்பித்தவர் அவர். பாலேந்திரன் போனபோது கொள்ளி வைக்கிற ஒழுங்கிலிருந்து யதுர்ஷாவின் பள்ளிக்கூடம் வரை பார்த்தவர் அவர். நன்றி கெட்டவள் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

“போறதெண்டால் போ. போனா இந்த வாசல்படி மிதியாதை.”

மச்சாள் குசினிக்குள் அடுப்படியில் நின்று மூக்கை உறிஞ்சினாள். இந்த நாட்டில் சத்தியபாமாவுக்கு இருக்கிற ஒரே உடன்பிறப்பு. நல்லநாள் பெருநாள் என்றால் ஓடிவருகிற ஒரே வீடு. ‘சரி அண்ணா, போகேல்லை’ என்று ஒரு சொல் சொன்னால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அந்தச் சொல் தொண்டை வரை வந்தது. அதை விழுங்கினாள். பார்சலை மேசையில் வைத்தாள். வெற்றுத் தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு லிப்டுக்குள் ஏறினாள். அண்ணன் வாசலிலும் பாஸ் கேட்டுவிட்டார் என்று நினைத்தபோது அழுகையைவிடக் கோபம்தான் கூட வந்தது.

ஜோர்தான் தலைநகர் அம்மானிலிருந்து பாலைவன நெடுஞ்சாலையால் தெற்கே போய், கத்ரானா என்ற சிற்றூருக்குச் சற்று முன்னால், தார் இல்லாத மண்பாதையில் இறங்க வேண்டும். காரோட்டி அபூ சலீம், நடுத்தர வயது மனிதர். இவளைப் போல ஒரு பெண் இப்படி ஒரு இடத்துக்குத் தனியாகப் போகக் கேட்டது இதுதான் முதல் தடவை என்று அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். “எனக்கும் முதல் தடவைதான்” என்றாள் அவளும் அதே அரைகுறை ஆங்கிலத்தில். சித்திரை மாதமாகையால் கல்லுக்கு இடையில் புல்லும் சின்னச் சின்ன மஞ்சள் பூவும் கிடந்தன. காற்று மட்டும் விடாமல் அடித்தது.

அவள் தேடிவந்த கோட்டை, கஸ்ர் பஷீர், தூரத்திலேயே தெரிந்தது. படத்தில் பார்த்த அதே சதுரம். நான்கு மூலைக் கோபுரங்களில் சில பாதி இடிந்து, சில இன்னும் திமிரோடு நின்றன. கார் நின்றதும் அவள் இறங்கி வாசலை நோக்கி நடந்தாள். கிட்டக் கிட்டப் போக அவளுடைய நடை தானாகவே மெதுவாகியது. தலை குனிந்தது. மேலே கோபுரத்தைப் பார்க்கக் கூடாது, நேரே பார்த்து நடக்க வேண்டும், ஓடக் கூடாது, கையை மறைக்கக் கூடாது. உடம்பு எதையும் மறந்திருக்கவில்லை. வாசலுக்கு நேரே வந்ததும் அவள் நின்றாள். கை கைப்பையைத் திறந்து, கடவுச்சீட்டை எடுத்து, முன்னால் நீட்டியது.

நீட்டியதை வாங்க அங்கே யாரும் இல்லை.

பின்னால் அபூ சலீம் உரக்கச் சிரித்தார். “மேடம், இங்கே ஒருவரும் இல்லை! ஒருவரும் இல்லை!”

சத்தியபாமா தன் கையைப் பார்த்தாள். நோர்வேயின் சிவப்புக் கடவுச்சீட்டு காற்றில் படபடத்தது. பதினான்கு வருடத்துக்குப் பிறகும், பாலைவனத்தில், ஆளில்லாத வாசலில் தான் பாஸ் நீட்டிக்கொண்டு நிற்பது அவளுக்கு உறைக்க ஒரு கணம் எடுத்தது. உறைத்ததும் வெட்கம் வந்தது. வெட்கத்தின் பின்னால் வந்த கோபம் வெட்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. கடவுச்சீட்டைப் பைக்குள் எறிந்து, பையைக் காருக்குள் எறிந்தாள். வெறுங்கையோடு உள்ளே போனாள். திரும்ப வெளியே வந்தாள். மறுபடி உள்ளே போனாள், மறுபடி வெளியே வந்தாள். அபூ சலீம் சிரிப்பை நிறுத்திவிட்டார். அவருடைய சொந்தபந்தம் பாலஸ்தீனத்தில், வழிநெடுக ஆமிக்குப் பாஸ் காட்டித்தான் நடமாடுவதாகப் பிறகுதான் சொன்னார். அவர் ஒரு கல்லில் உட்கார்ந்து, அவள் போகிறதையும் வருகிறதையும் மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலுக்கு மேலே கல்லில் ரோமச் சக்கரவர்த்திகளின் பெயரும் பட்டங்களும் வெட்டியிருந்தன. கீழே ஆட்டுப் புழுக்கை. உள்முற்றத்தைச் சுற்றிய அறைகளின் சுவர்களில் குதிரைக்குத் தீன் வைக்கிற மாடங்கள் அப்படியே இருந்தன. அந்த மாடங்களில் இப்போது ஆட்டுக்குட்டிகள் ஏறிப் படுத்திருந்தன. கறுப்பு உடுப்புப் போட்ட ஒரு பெண் வாசலுக்கு நேரெதிர் அறையின் நிழலில் இருந்து பால் கறந்துகொண்டிருந்தாள். தளபதி இருந்த அறை அதுதான் என்று புத்தகத்தில் படித்திருந்தாள் சத்தியபாமா. அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்து, பக்கத்துக் கல்லைத் தட்டி, இரு என்று சைகை காட்டினாள். சீனி போட்டுச் சுண்டக் காய்ச்சிய தேநீர் கொடுத்தாள். சத்தியபாமா காருக்குப் போய்க் கமெராவையும், ஒஸ்லோவில் சுட்டுக்கொண்டு வந்திருந்த பருத்தித்துறை வடையையும் எடுத்துவந்து, வடையைக் கொடுத்தாள். இரண்டு பேரும் தளபதியின் அறையில் காலை நீட்டி இருந்து, ஒருவர் பாஷை ஒருவருக்கு விளங்காமல், நறுக் நறுக்கென்று கடித்துத் தின்றார்கள்.

போவதற்கு முன் அவள் முற்றத்தின் நடுவில் நின்று, யாழ்ப்பாணத் தமிழில், போய்விட்ட சிப்பாய்கள் எல்லாருக்குமாகத் தொண்டை கிழியக் கத்தினாள்: “போட்டியள்தானே! எல்லாரும் போட்டியள்தானே!” ஆடுகள் மிரண்டு ஓடின. பால் கறந்த பெண் ஒன்றும் விளங்காமல் கைதட்டிச் சிரித்தாள்.

ஒஸ்லோவுக்கு வந்து, மேரியம்மாவின் போத்தலைத் தண்ணீரோடு கொடுத்து முடித்த ஞாயிற்றுக்கிழமை, சத்தியபாமா ட்வெய்ட்டாவுக்குப் போனாள். தொலைபேசியில் சொல்லவில்லை. யதுர்ஷாவைத் தூது அனுப்பவில்லை. நேரே போய் மணியை அடித்தாள். கதவைத் திறந்தவர் அண்ணன்.

“பாஸ் இல்லாமல் வந்திருக்கிறன் அண்ணா,” என்றாள். சப்பாத்தைக் கழற்றி, அவரைத் தாண்டி உள்ளே போய், சோபாவில் இருந்தாள்.

ஸ்ரீஸ்கந்தராசா கதவைப் பிடித்தபடியே நின்றார். எழும்பிப் போ என்று அவர் சொல்லவில்லை. சொன்னாலும் அவள் எழும்பியிருக்க மாட்டாள், அது அவருக்கும் தெரிந்தது. அவள் பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து மேசையில் வைத்தாள். கோட்டை முற்றம், குதிரை மாடத்தில் ஆட்டுக்குட்டி, பால் கறக்கிற பெண்.

அவர் வந்து மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

“போன வருஷம் பஸ்ஸிலை போகேக்கை,” என்று தொடங்கினார். “எங்கடை வீட்டுக்குக் கூரை இல்லை. கிணத்தடியிலை சென்றி போட்டிருக்கிறாங்கள். மாமரத்திலை கயிறு கட்டி உடுப்புக் காயுது. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. உன்ரை மச்சாளுக்கும் சொல்லேல்லை.”

குசினி வாசலில் மச்சாள் அசையாமல் நின்றாள். சத்தியபாமாவுக்குக் கண் நிறைந்தது. துடைக்கவில்லை.

“அந்த மரத்துக்காகத்தான் நீயாவது ஒருக்காப் போய்ப் பார் எண்டனான்,” என்றார். பிறகு படத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தார். “இவங்கள் எப்ப போனவங்கள்?”

“எந்த நாள் எண்டு புத்தகத்திலையும் வடிவாய் இல்லை அண்ணா. ஆனால் போட்டாங்கள். நான் உள்ளுக்கை போய்ப் பாத்தனான்.”

“இந்த ஆடு ஆரின்ரை?”

“அங்கத்தைச் சனத்தின்ரை.”

ஸ்ரீஸ்கந்தராசா தலையாட்டினார். எழும்பிப் போய், சாமித்தட்டில், அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில், ஆட்டுக்குட்டிகள் படுத்திருந்த அந்தப் படத்தைச் சாய்த்து வைத்தார்.